களரியின் நடுவில் திறந்த தெரு

1936ஆம் ஆண்டு மே மாதம் பதினாறாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கச்சான் காற்று காலையிலிருந்தே வயல் பக்கமிருந்து சூடாக அடித்து, வாவித் தண்ணீரில் சின்னச் சின்ன மடிப்புகளை உண்டாக்கிக்கொண்டிருந்தது. மணி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீட்டு மணிக்கூடு அரைமணிக்கு ஒருமுறை அடிக்கும். அது அடித்து முடிய மாமாவின் தோணி கரை தட்டியது. என் வயதுக்காரர்களான உங்களுக்கு அந்த மணிக்கூட்டின் சத்தம் நினைவிருக்கலாம். மணி அடிக்குமுன் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போடும். அதைத் திருத்தச் சொல்லி ஒருவரும் விதானையாரிடம் கேட்டதில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தோணியில் பதினெட்டடி நீளத்தில் ஒரு மூங்கிலும், அதைச் சுற்றிக் கனமான துணிச் சுருளும் கிடந்தன. நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். அது போன வழியெல்லாம் பசை வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன. பசை துணியினுடையது, கருவாடு தோணியினுடையது. எனக்கு அப்போது வயது ஒன்பது. நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. பட்டணத்தில் நாடகம் போட வந்து நொடிந்துபோன ஒரு கம்பனியிடமிருந்து மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் அந்தச் சீன் துணியை வாங்கியிருந்தார். அதற்கு அவர் கொடுத்தது எங்கள் வீட்டுப் பால் எருமைகள் இரண்டை. அம்மாவிடம் கேட்டுத்தான் கொடுத்தேன் என்றார். அம்மாவோ, அவன் கேட்டபோது நான் நெல் குற்றிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை என்றார். அந்த எருமைகள் போனதிலிருந்து எங்கள் வீட்டில் தயிர் இல்லை. அது பதின்மூன்றாவது நாள்.

அன்றிரவு எங்கள் ஊரில் கூத்து அரங்கேற்றம். எங்கள் பக்கத்துக் கூத்துக்களரி வட்டமானது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மேடை இல்லை, திரை இல்லை. நிலத்தில் மண்ணை அணைத்து, முப்பத்தாறு அடிக் குறுக்களவில் ஒரு வட்டம். நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். அவரோடு கைத்தாளம் தட்டும் சல்லரிக்காரரும் பாட்டுக்காரரும். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். ஊர் வட்டத்தைச் சுற்றி இருந்து பார்க்கும். எந்தக் குடும்பத்துப் பாய் எங்கே விரியும் என்பது பரம்பரையாய் வந்த ஒழுங்கு. மேற்கே ஒப்பனைக் கொட்டகை. அங்கிருந்து கூத்தர் வரும் வழியை மட்டும் திறந்து விடுவார்கள். கிழக்கே, வாவிப் பக்கம், பெண்கள். அங்கேதான் காற்றும் குளிர்ச்சியும்.

இன்னொன்று. காலையில் களரிக்குத் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கட்டி, தேங்காய் உடைத்த பிறகு, சதங்கை கட்டியவரையும் வாத்தியக்காரரையும் தவிர ஒருவரும் அந்த வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. மங்களம் பாடும்வரை அதுதான் சட்டம். நாய் போனாலும் கல்லெறிவார்கள். அன்று காலை ஆறரைக்கே தேங்காய் உடைத்தாகிவிட்டது. துணி வந்தது மூன்றரைக்கு. நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒன்பது மணித்தியாலம்தான்.

துணியை முதலில் மணலில் விரித்தார்கள். நான் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏழேழு தூண்கள். முதல் தூண் ஓர் ஆளைவிட உயரம். ஏழாவது என் சாண் அளவு. நடுவே கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. முன்வரிசைச் சதுரம் ஒரு முழம், கடைசி வரிசையில் நகக்கண் அளவு. தூரத்தில் வெளிறிய நீலத்தில் ஏதோ ஒன்று. எல்லாக் கோடுகளும் அந்த நீலத்தை நோக்கி மீன்பிடி வேலியில் அகப்பட்ட மீன்கள்போல ஓடின. அரண்மனைத் தெரு என்று மாமா சொன்னார். நான் தெருவைத் தேடினேன். மணலில் ஒரு பெரிய விசிறி கிடந்ததுபோலத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆசாரியார் தன் முழக்கோலுடன் வந்தார். எங்கள் ஊரில் கதவு, கலப்பை, தோணி எல்லாம் அவர் கை வேலை. குனிந்து தூண் தூணாக அளந்தார். பதினான்கையும் அளந்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

“தம்பி, இதென்ன தூணா, நண்டுக் காலா? ஒண்டுக்கொண்டு உயரம் சரியில்ல. கூரை ஏத்தினா சரிஞ்சு விழும்.”

“ஆசாரியார், தூரத்தில நிக்கிற தூண் சின்னனாத்தான் தெரியும்.”

“அது எனக்கும் தெரியும். ஆனா துணி முழுக்க ஒரே இடத்திலதானே கிடக்கு? இதில எங்க இருக்கு தூரம்?”

கூடிநின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், “ரெண்டு எருமையையும் குடுத்து ஒரு கோணல் வாங்கியிருக்கான்” என்றார். மாமா துணியின் ஓரத்து மணலைத் தட்டினார். அவர் அந்தத் துணியைக் கம்பனிக் கொட்டகையின் பக்கவாட்டில் நின்று, அதுவும் சுருட்டுகிற நேரத்தில்தான் பார்த்தார் என்பது பின்னால் தெரியவந்தது. வாவியின் மேற்குக் கரைக்காரரான எங்களைப் ‘படுவான்கரைக் காட்டான்’ என்று பட்டணத்தார் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர். பட்டணத்தில் சீன் தொங்கினால் நம் ஊரிலும் தொங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதை எங்கே கட்டுவது? மேற்கே கட்டினால் கூத்தர் வரும் வழி அடைபடும். வடக்கிலும் தெற்கிலும் ஆண்களின் பாய்கள். ஒருவரும் அசையமாட்டார்கள். மிஞ்சியது கிழக்கு. களரிக்கும் பெண்களுக்கும் நடுவே.

அண்ணாவியாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. மெலிந்த மனிதர். நிற்கும்போது ஒரு காலில் மட்டும் பாரம் வைத்து நிற்பார். “களரி வட்டம். வட்டத்துக்கு ஏது தம்பி முதுகு?” என்று கேட்டார். ஆனால் அரங்கேற்றச் சோற்றுச் செலவு மாமாவுடையது. விதானையாரும் மாமா பக்கம். “சரி, ஒரு ராவைக்கு” என்று சொல்லிவிட்டு அண்ணாவியார் மத்தளத்துக்கு மா வைக்கப் போய்விட்டார்.

இதில் அகப்பட்டது அம்மா. அன்றிரவு என் அண்ணனுக்கு முதல் ஆட்டம். கட்டியகாரன் வேடம். அரசன் வருகிறான் என்று கட்டியம் கூற எல்லாருக்கும் முன்னால் களரிக்கு வருகிறவன் அவன். நான்கு மாதமாக அம்மா அவனுக்கு முட்டை அடித்துக் கொடுத்தார், காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தார். அவனுடைய உடுப்புக்குக் கண்ணாடித் துண்டுகள் தைத்தார். எண்பத்தாறு துண்டு, நானே எண்ணினேன். முதல் வரவு ஒருமுறைதான் வரும். அடுத்த வருடம் ஆடினால் அது முதல் வரவு அல்ல. அதை அம்மா தன் தம்பியின் துணிக்குப் பின்னால் இருந்து பார்க்கவேண்டும். பார்ப்பது எங்கே, தையலையும் ஒட்டுத் துணியையும்தான் பார்ப்பார்.

மாமா வந்து சமாதானம் சொன்னார். “அக்கா, நீங்க ஒருத்தர் மட்டும் வடக்குப் பக்கம் வந்து இருங்க. நான் இடம் எடுத்துத் தாறன்.”

“ஆம்பிளையளுக்கு நடுவிலயா? என்ர பாய் விரியிற இடத்தில என்ர தாயும் இருந்தவ. நான் அங்கதான் இருப்பன். சதங்கைச் சத்தம் கேக்கும்தானே. என்ர பிள்ளையின்ர கால் எது எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்பிடிச் சொல்லாதீங்க அக்கா.”

“மறுகா எப்பிடிச் சொல்ல? எருமைய ஓட்டிக்கொண்டு போனாய், பொறுத்தன். இப்ப பிள்ளையயும் மறைச்சுப்போட்டு நிக்கிறாய்.”

மாமா முகம் கறுத்துப் போனார். அப்போதாவது துணியைச் சுருட்டியிருக்கலாம். வளர்ந்தவர்கள் ஒரு பிழையைப் பாதியில் நிறுத்துவதைவிட முழுதாய்ச் செய்து முடிப்பதையே கௌரவம் என்று நினைக்கிறார்கள். நானும் பிறகு அப்படி எத்தனையோ செய்திருக்கிறேன்.

இரண்டு தென்னங்கம்பு நட்டுத் துணியைக் கட்டினார்கள். கச்சான் அதைத் தோணிப் பாய்போல ஊதியது. தூண்கள் வயிறு தள்ளி ஆடின. மாமா என்னைக் கூப்பிட்டார். “மனே, எங்க இருந்து பாத்தா நல்லாத் தெரியுது எண்டு சுத்திப் பாத்துச் சொல்லு.”

நான் வட்டத்தின் ஓரமாக இருபத்திரண்டு இடங்களில் நின்றும் இருந்தும் பார்த்தேன். வடக்கிலிருந்து பார்த்தால் தெரு தெற்கே சரிந்தது. தெற்கிலிருந்து பார்த்தால் வடக்கே சரிந்தது. விதானையாரின் கதிரையில் ஏறிப் பார்த்தேன். தரை செங்குத்தாக எழும்பிச் சுவரைப்போல நின்றது. நேர் மேற்கில், கூத்தர் வரும் வழியில் என்னை நிற்க விடவில்லை. நடுவில் போய்ப் பார்க்கலாம் என்ற நினைப்பு எனக்கோ மாமாவுக்கோ ஆசாரியாருக்கோ வரவேயில்லை. அந்த வட்டம் எங்கள் கண்ணுக்கு ஓர் இடமாகவே தெரியவில்லை. கால் வைக்கக்கூடாத இடத்தில் கண் வைக்கலாம் என்று யார் நினைப்பார்கள்?

“எல்லா இடத்திலயும் கோணல்தான் மாமா” என்றேன். மாமா என் தலையில் கை வைத்தார். குட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பொழுது சாயக் கச்சான் அடங்கியது. துணி ஆடாமல் நின்றது. பாய்கள் நிறைந்துவிட்டன. துணிக்குப் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் குறைந்து வந்தது. பந்தம் இன்னும் ஏற்றவில்லை. சூரியன் ஒப்பனைக் கொட்டகையின் கூரைக்கு மேலால் நேரே துணியில் அடித்தது.

அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களரியின் நடுவுக்கு வந்தார். ஆட்டம் தொடங்குமுன் நான்கு திசைக்கும் கும்பிட்டு மத்தளம் தட்டுவது வழக்கம். மேற்கே தட்டினார். வடக்கே தட்டினார். தெற்கே தட்டினார். கடைசியாக, துணியைப் பார்க்க விருப்பமில்லாதவர்போலத் தலையைக் குனிந்தபடி கிழக்கே திரும்பி, கை ஓங்கி, தலையை நிமிர்த்தினார்.

கை இறங்கவில்லை.

நான் மனதுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது தட்டு விழவேண்டிய நேரம் ஒன்றும் விழவில்லை. சல்லரிக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்தார். கும்பிடு தாளத்தில் அண்ணாவியாரின் கை நின்றால் ஊருக்கு ஆகாது என்பார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர், “வலிப்போ?” என்றார். அண்ணாவியார் ஓங்கிய கையைக் கண்ணுக்கு மேலே வைத்தார். ஓர் அடி பின்னே வைத்தார். பிறகு வலது காலை மெதுவாக முன்னே நீட்டினார். படியிறங்கும்போது இருட்டில் அடுத்த படியைத் தேடுவோமே, அப்படி.

“ஐயோ,” என்றார். உரத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. “இது திறந்து கிடக்கு.”

பிறகு மாமாவைக் கூப்பிட்டார். “தம்பி, இஞ்ச வா.”

“களரிக்குள்ளயா அண்ணே?”

“நான் சொல்றன், வா.”

மாமா தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவர்போல உள்ளே போனார். அண்ணாவியார் அவரைத் தன் இடத்தில் நிறுத்தி, தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார். மாமா பார்த்தார். தான் வாங்கிய பொருளை அவர் அப்போதுதான் முதல்முறை கண்டார். வாய் திறந்தது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, என்னைவிடச் சின்னவராகத் தெரிந்தார்.

“கண்டியா?”

“கண்டன் அண்ணே.”

“சரி. கழட்டு.”

மாமா திடுக்கிட்டார். “என்ன அண்ணே, இப்பதானே சரியாத் தெரியுது!”

“எனக்குத் தெரியுது. இதில நிக்கிற எனக்கு மட்டும் தெரியுது. நான் ஒருத்தன் பாக்கிறதுக்கு ஊரில பாதி கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கிறதா? அங்கால உன்ர அக்கா இருக்கிறா. அவட மகன் வரப்போறான். இதைப் பாத்துக்கொண்டு நிண்டா எனக்கும் தாளம் வராது. கழட்டு. மங்களம் பாடினாப் பிறகு கட்டு. எல்லாரும் இதில வந்து நிண்டு பாக்கட்டும்.”

கயிற்றை அவிழ்த்தார்கள். வலப்பக்கத்துக் கயிறு முதலில் விட்டது. துணி ஒரு தோளில் சரிந்து, மடிந்து, தூசியைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. அதன் பின்னால் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் வாவி, அதற்கும் அப்பால் எழுவான்கரைத் தென்னைகள், எல்லாம் ஒன்றாய் வெளிப்பட்டன. நடுவில் அம்மா இருந்தார். தலையைக் குனிந்து சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருந்தவர், முகத்தில் வெயில் அடிக்க நிமிர்ந்தார். தெரு முடிகிற இடத்தில் உன் தாய் இருந்தா என்று அண்ணாவியார் பிறகு என்னிடம் பலமுறை சொன்னார். நான் பக்கவாட்டில் நின்றதால் அதைப் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு இப்போதும் உண்டு.

நான்காம் திசைக்கு அண்ணாவியார் மறுபடி தட்டினார். அந்தத் தட்டு பிசகவில்லை. அண்ணன் வந்தான். எண்பத்தாறு கண்ணாடியும் கடைசி வெயிலில் எரிந்தன. அம்மா கையைத் தாடையில் வைத்தவர் எடுக்கவேயில்லை. அண்ணன் இரண்டாவது சுற்றில் ஒருமுறை கால் மாறினான். அம்மாவுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒருபோதும் பேசவில்லை.

விடியப்புறம் மங்களம் பாடினார்கள். களரியின் தடை நீங்கியது. மாமா துணியை மறுபடி கட்டினார். இப்போது சூரியன் வாவியிலிருந்து, துணிக்குப் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஊர் வரிசையில் நின்றது. கூத்து முடிந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற ஊர். ஓர் ஆளுக்குச் சல்லரிக்காரர் பத்துத் தட்டுத் தட்டுவார். பத்து முடிந்தால் அடுத்த ஆள். முந்நூற்றுப் பதினொரு பேர் பார்த்தார்கள். சிலர் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். அவர்களை நான் இரண்டாம்முறை எண்ணவில்லை.

ஆசாரியார் முழக்கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பத்துத் தட்டும் முடிந்தது. அசையவில்லை. “ஆசாரியார், கூரை ஏத்தலாமா?” என்று யாரோ கேட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. “நான் துணியை அளந்தன். இதைக் கீறினவன் பாக்கிறவன்ர கண்ணை அளந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போனார்.

என் முறை வந்தபோது எனக்குத் தெரு திறக்கவில்லை. தூண்கள் தலைக்குமேல் கவிந்தன. “பொடியன் கட்டை. கண் அங்க எட்டல்ல” என்றார் அண்ணாவியார். அண்ணன் வேடம் கலையாமல் நின்றான். கையில் சாயமும் வேர்வையும். என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். தூக்கிக்கொண்டே போனான். ஓர் உயரத்தில், அந்த உயரத்தில் மட்டும், துணி இல்லாமல் போயிற்று.

எப்படிச் சொல்வேன்? நண்பர்களே, நான் பின்னாளில் ஆசிரிய கலாசாலையில் இதைப் படித்தேன். கண்மட்டக் கோடு, கோடுகள் போய்ச் சேரும் புள்ளி, தூரத்துப் பொருளுக்கு நீலம் கலப்பது, நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழுவது என்று எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்துக் கீறினேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். அது வேறு. அன்று காலை என் முன்னால் குளிர்ந்த தரையுள்ள ஒரு தெரு இருந்தது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நின்று வழி விட்டன. கடைசித் தூணுக்கு அப்பால், சாயம் மெல்லியதாய்ப் பூசிய அந்த நீலத்தின் ஊடாக, உண்மையான சூரியன் ஊறி வந்துகொண்டிருந்தது. கீறிய தெருவின் முடிவில் நிசமாகவே விடிந்தது. அங்கிருந்து ஒருவர் நடந்து வரப்போகிறார் என்று நினைத்து மூச்சை அடக்கினேன். பத்தாவது தட்டு விழுந்தது. அண்ணன் இறக்கிவிட்டான். கோணல் துணி அங்கேயே தொங்கியது.

அம்மா கடைசி ஆட்களில் ஒருவர். மாமா அவர் முகத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். அம்மா இமைக்காமல் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது.

“என்னக்கா?” என்றார் மாமா, பொறுக்கமாட்டாமல்.

“ஒண்டுமில்ல,” என்றார் அம்மா. “நம்மட எருமை ரெண்டும் இதுக்குள்ளதான் போயிருக்கு. அந்தத் தெருத் தொங்கலில திரும்பிட்டுதுகள் போல, காணல்ல.”

களரி முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கத் தொடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் அந்தத் துணியைக் கூத்துக்குக் கட்டவில்லை. அந்த மாரியில் மாமா வீட்டுக் கூரை ஒழுகியது. சாயம் கரைந்தது. மிஞ்சியதை மாமா துண்டு துண்டாக வெட்டினார். பெரியவை நெற்சூடு மிதிக்கிற களத்தில் விரிக்கும் படங்காகப் போயின. ஒன்று ஆசாரியாரின் தோணிக்குப் பாயானது. ஒரு துண்டை அம்மா கேட்டு வாங்கி அரிசிப் பெட்டியை மூடினார். அவர் காலமான பிறகு பெட்டி எனக்கு வந்தது. பெட்டி செல்லரித்துப் போயிற்று. துண்டு மிஞ்சியது. ஒரு முழம் நீளம், முக்கால் முழம் அகலம். வெளிறிய நீலம், அதை நோக்கி நாலைந்து மங்கிய கோடுகள்.

போன மாதம் அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரப் பொடியன் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். “இதில என்ன ஐயா இருக்கு? ஒண்டுமில்லையே. எது மேல்பக்கம்?” என்று கேட்டான். சொன்னேன். இரண்டு நாள் என்றவன் ஐந்து நாள் இழுத்தான். மூலையில் ஒரு நூலளவு கோணல் வேறு. சண்டை பிடித்துத் திருத்தினேன்.

வீட்டில் கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறேன். உயரம் கூடிப்போயிற்று என்று மருமகள் குறைசொல்கிறாள். கூடவில்லை. அண்ணாவியாரின் கண் இருந்த உயரம் அதுதான். ஐந்தடி இரண்டங்குலம். சட்டம் இருநூற்றுப் பத்து, கண்ணாடி தொண்ணூற்றைந்து, கூலி நாற்பது, இரண்டுதரம் போய்வந்த பஸ் காசு இருபத்துநான்கு, ஆணி ஒன்று ஐம்பது சதம். எருமை இரண்டையும் சேர்க்காமல், முந்நூற்று அறுபத்தொன்பது ரூபாய் ஐம்பது சதம்.